குதிரை ஜி5: மருமகனின் ஆட்டத்தாள்களைப் பழுது பார்த்த கதை

அக்கா மகன் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இரண்டாம் படிவம் படிக்கிறான். பள்ளிச் செஸ் குழுவில் மூன்றாவது பலகை. வெள்ளைக் காய் கிடைத்தால் நன்றாக ஆடுவான், கறுப்பு என்றால் முகம் சுருங்கிவிடும். தீபாவளிக்கு வந்தபோது முறுக்கைக் கடித்துக்கொண்டே, "மாமா, கறுப்புன்னாலே பதினஞ்சாவது மூவுக்குள்ள ஒரு காய் போயிடுது, எப்படிப் போகுதுன்னே தெரியல" என்றான்.

நான் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாகிற போர்டு வந்தால், கையில் சால்டரிங் அயர்ன் எடுப்பதற்கு முன்னால் பழைய பதிவுகளைத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில், "உன் ஆட்டத்தாள் எல்லாத்தையும் எடுத்து வை, சனிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரே மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்து சனிக்கிழமை போனது.

முதல் சனி

மோட்டாரை ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பிஸ்கட் டப்பா ஒன்றில் 38 தாள்கள். எல்லாம் கார்பன் நகல், பாதி மங்கிப்போனவை. லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஒரு ஸ்டடி, அதாவது ஆட்டங்களைச் சேர்த்து வைத்து அலசுகிற கோப்பு, திறந்து, ஆட்டத்துக்கு ஓர் அத்தியாயம் என்று ஏற்ற ஆரம்பித்தோம். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயம் வரை போடலாம், அதனால் இடப் பஞ்சம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இரண்டாவது நகர்வுக்கு "கே எஃப்3" என்று எழுதி வைத்திருக்கிறான். முதல் எழுத்து காய், எஃப்3 அது போய்ச் சேர்கிற கட்டம்; கட்டம் மட்டும் இருந்தால் சிப்பாய். ஆங்கில முறையில் கே என்றால் ராஜா. இரண்டாவது நகர்வில் ராஜா எப்படி எஃப்3-க்குப் போகும்? அப்புறம்தான் புரிந்தது. பள்ளியில் சிக்கு, அதாவது ஆசிரியர், மலாயில் சொல்லிக்கொடுக்கிறார், அங்கே கே என்பது கூடா, அதாவது குதிரை. ஜி என்பது காஜா. மலாயில் அது பிஷப், நமக்கோ யானை என்றால் மூலையில் நிற்கிற காய். அந்த மூலைக் காயை அவர்கள் திர் என்கிறார்கள், நம்முடைய தேர்தான் அப்படிப் போனது என்பார்கள். தைப்பூசத்துக்கு ரதம் பார்த்து வளர்ந்த பையன் தேரை டப்பென்று பிடித்துக்கொண்டான், யானையில்தான் குழம்பிவிட்டான். சில தாள்களில் பாதி ஆங்கிலம், பாதி மலாய். "ஜி சி4" என்று இருந்தால் பிஷப் சி4. "கே ஜி5" என்றால் குதிரை ஜி5.

இந்தக் கடைசி நகர்வு அடிக்கடி கண்ணில் படுகிறதே என்று அப்போதே தோன்றியது.

ஒரு நகர்வை எழுத மறந்துவிட்டால் அதற்குப் பிறகு இரண்டு பத்தியும் இடம் மாறிவிடும். செல்லாத நகர்வு வருகிற வரை போட்டுக்கொண்டே போய், அங்கிருந்து இரண்டு நகர்வு பின்னால் வந்து, என்ன விட்டிருப்பான் என்று ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் சரியாக வந்தது. மூன்று தாள்களை மட்டும் கைவிட்டோம், ஒன்றில் மீலோ கொட்டியிருந்தது. மிச்சம் 35.

எஞ்சினை, அதாவது யார் பக்கம் நன்மை என்று எண் போட்டு நல்ல நகர்வைக் காட்டுகிற ஸ்டாக்ஃபிஷ் நிரலை, அன்றைக்கு முழுக்க அணைத்தே வைத்திருந்தேன். ஒவ்வொரு தோல்வியிலும் "எந்த இடத்துல உனக்கு வயித்தக் கலக்குச்சு?" என்று கேட்டு, அவன் சொன்ன நகர்வில் ஒரு குறி போட வைத்தேன். எஞ்சின் பதில் சொன்ன பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டால், எஞ்சின் சொன்ன இடத்தில்தான் தனக்கும் கலக்கியது என்பான். பையன் மேல் தப்பில்லை, நானும் அப்படித்தான்.

இரண்டாம் சனி

எண்ணிப் பார்த்தோம். கறுப்பில் அவன் இ5 என்று பதில் சொன்ன ஆட்டங்கள் 14. அதில் ஒன்பதில் இதே தொடக்கம்: 1. இ4 இ5, 2. குதிரை எஃப்3, குதிரை சி6, 3. பிஷப் சி4, குதிரை எஃப்6, 4. குதிரை ஜி5. டூ நைட்ஸ் டிஃபென்ஸ். ஒன்பதில் ஆறு தோல்வி. பழுது எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, எந்தக் கம்பி என்று தெரிய வேண்டும்.

வெள்ளையின் நாலாவது நகர்வு பார்க்க முரட்டுத்தனமானது. மற்ற காய்களை வெளியே எடுக்காமல், நகர்த்திய குதிரையையே மறுபடி நகர்த்தி எஃப்7-ஐக் குறிவைக்கிறது. ஜெர்மன் மாஸ்டர் டாராஷ் இதைக் கற்றுக்குட்டி ஆட்டம் என்ற பொருளில் திட்டினார். ஆனால் கறுப்புக்கு வசதியான பதில் கிடையாது. டி5 என்று சிப்பாயைத் தள்ளி பிஷப்பின் வழியை அடைக்க வேண்டும், வெள்ளை அதை எடுக்கும், அப்புறம் என்ன?

அப்புறம் என்ன என்பதில்தான் முதல் இரண்டு தோல்விகள். குதிரையால் டி5-இல் திரும்ப எடுத்திருக்கிறான். யாருக்கும் கை அங்கேதான் போகும். வெள்ளைக் குதிரை எஃப்7-இல் தன்னையே பலி கொடுக்கும், ராஜா எடுக்கும், ராணி எஃப்3-க்கு வந்து செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு ஏறி நடுத்தெருவில் நிற்க வேண்டும். இதற்கு ஃப்ரைட் லிவர் என்று பெயர். போலேரியோ என்ற இத்தாலியர் 1610 வாக்கில் ரோமில் ஆடியதாக ஓர் ஆட்டமே இருக்கிறது. நாசி கண்டார் கடையில் ஈரல் வறுவலைக் காட்டி, "இதான்டா உன் ராஜா" என்றேன். அன்றைக்கு அவன் ஈரல் தொடவில்லை.

அந்த இரண்டு தோல்விக்குப் பிறகு சிக்கு சரியான பதிலைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: ஐந்தாவது நகர்வில் குதிரை ஏ5. எடுக்காதே, பிஷப்பை விரட்டு. அதற்குப் பிறகும் நாலு தோல்வி. அதனால்தான் பையனுக்குக் குழப்பம். பாடத்தைப் படித்துவிட்டான், மதிப்பெண் மட்டும் வரவில்லை.

இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். லிச்செஸ்ஸில் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது. எந்த நிலையிலிருந்து என்ன நகர்வு எத்தனை முறை ஆடப்பட்டது, யார் வென்றார்கள் என்று பட்டை போட்டுக் காட்டும். மாஸ்டர்கள் ஆடியது தனி, சாதாரண ஆட்களின் ஆட்டம் தனி. இரண்டாவதில் ரேட்டிங்கும் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) ஆட்ட வேகமும் பார்த்து வடிகட்டலாம். ஒரு மணி நேரம் குறிப்பெடுத்து, பத்தாவது நகர்வில் ராணி டி4 நன்றாக வெல்கிறது என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்துவிட்டேன். திரும்பப் பார்த்தால் புல்லட் ஆட்டங்களுக்கான பொத்தான் அணைக்கப்படவே இல்லை. ஒரு நிமிட ஆட்டத்தில் எந்த மிரட்டலும் பலிக்கும். ஒரு மணி நேர ஆட்டம் ஆடுகிற பையனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? புல்லட்டையும், சில நிமிடங்களில் முடிகிற பிளிட்ஸையும் எடுத்துவிட்டு, ரேட்டிங்கை அவன் அளவுக்கு வைத்ததும் ராணி டி4-இன் பட்டை சுருங்கியது. சிவப்பு மை மட்டும் நோட்டில் அப்படியே இருக்கிறது.

மூன்றாம் சனி: பத்தாவது நகர்வு

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏ5-க்குக் குதிரை வந்த பிறகு வழக்கமான பாதை: 6. பிஷப் பி5 செக், சிப்பாய் சி6, 7. சிப்பாய் எடுக்க சிப்பாய் எடுக்க, 8. பிஷப் இ2, சிப்பாய் எச்6, 9. குதிரை எஃப்3, சிப்பாய் இ4, 10. குதிரை இ5.

பலகையில் வைத்து எண்ணச் சொன்னேன். வெள்ளை ஆடிய பத்து நகர்வில் நாலு ஒரே குதிரை, மூன்று ஒரே பிஷப், மூன்று சிப்பாய் நகர்வு. மற்ற காய்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பதிலுக்குக் கறுப்பு ஒரு சிப்பாய் குறைவு, ஏ5-இல் ஒரு குதிரை ஓரமாக மாட்டியிருக்கிறது. கறுப்பு சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்கியிருக்கிறது, இனி அந்த நேரத்தைச் செலவழிக்கிற முறைதான் ஆட்டம்.

மருமகன் நாலு தோல்வியில் மூன்றில் ஆடியது ராணி டி4. ஏன் என்று கேட்டேன். "இ5 குதிரைய அடிக்குது மாமா, அடுத்து பிஷப் சி5 வந்தா எஃப்2-ல மேட்." உண்மைதான். எனக்கே ஆசை வந்தது. வெள்ளை எஃப்4 என்று குதிரைக்குத் தாங்கு கொடுக்கிறது, இவன் பிஷப்பை சி5-க்குக் கொண்டுவருகிறான், மேட் மிரட்டல் வந்துவிட்டது. வெள்ளை யானையை எஃப்1-க்கு நகர்த்துகிறது. மேட் இல்லை. இவன் நிம்மதியாக காஸ்லிங் செய்து ராஜாவை ஓரமாக ஒதுக்குகிறான். வெள்ளை சிப்பாயை சி3-க்கு ஓரடி தள்ளுகிறது. ராணி அடிபடுகிறது, டி8-க்குத் திரும்புகிறது. அடுத்து சிப்பாய் பி4.

பி4-இல் நிற்கிற சிப்பாய் ஒரு பக்கம் ஏ5 குதிரையையும் மறுபக்கம் சி5 பிஷப்பையும் அடிக்கிறது. பிஷப் ஓடியது, குதிரை போனது. மூன்று ஆட்டத்திலும் இதே கதை. அவன் "எப்படிப் போகுதுன்னே தெரியல" என்ற காய் இதுதான்.

அவன் வயிற்றைக் கலக்கியதாகக் குறி போட்டிருந்த இடம் பதினாலாவது நகர்வு, அடி விழுந்த இடம். பழுது பத்தாவதில். எஞ்சினைப் போட்டதும் அதன் எண் பத்திலேயே வெள்ளைப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அந்த எண்ணைக் காட்டினால் பையனுக்கு ஒன்றும் விளங்காது. "ராணி டி4 தப்பு, ஸ்டாக்ஃபிஷ் சொல்லுது" என்றால் இன்னொரு மனப்பாடம், அவ்வளவுதான்.

அதனால் வேலையைத் தலைகீழாகச் செய்தோம். சரியான நகர்வை எஞ்சினிடம் கேட்கவில்லை. தப்பான நகர்வை அவன் போட வேண்டும், நான் வெள்ளையாக அவனைத் தண்டிக்க வேண்டும், நான் திணறினால் மட்டும் எஞ்சின். லிச்செஸ்ஸில் எக்ஸ் பொத்தானை அழுத்தினால், இப்போது நகர்த்த வேண்டியவன் சும்மா இருந்தால் எதிராளி என்ன செய்வான் என்று காட்டும். அதைத்தான் அதிகம் பயன்படுத்தினோம். ஒவ்வொரு கிளைக்கும் அவன் தன் வாயால், தமிழில், ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத கிளை ஸ்டடியில் சேராது.

பத்தாவதில் ராணியை விட்டுவிட்டு, பிஷப்பை டி6-இல் வைத்தால் என்ன என்று அவனே கேட்டான். "வெள்ளை பி4 போடட்டும் மாமா. நான் குதிரையத் தூக்க மாட்டேன். பிஷப்பால இ5 குதிரையத் தின்னுடுவேன். அவன் என் குதிரைய எடுத்தா, ஏ1 யானையும் எனக்கு." பி சிப்பாய் முன்னேறியதால் இ5-இலிருந்து ஏ1 வரை வழி திறந்துகிடக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுப்படியில் இருந்தபடி, "சரி சரி, ரெண்டு பேரும் பசியாறிட்டு ஆடுங்க" என்றார்.

பிஷப் டி6-தான் பெரிய ஆட்டக்காரர்கள் காலம் காலமாக ஆடுவதும். வெள்ளை டி4 ஆடினால் கறுப்பு ஆன் பாசானில் (இரண்டடி தாண்டிய சிப்பாயை, ஓரடி வந்ததுபோல எடுக்கிற விதி) எடுக்கும், குதிரை டி3-இல் திரும்ப எடுக்கும், கறுப்பு ராணி சி7. ராணியும் பிஷப்பும் ஒரே மூலைவிட்டத்தில் எச்2-வைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். சிப்பாய் ஒன்று குறைவாகவே இருக்கிறது, எஞ்சினும் வெள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் என்றே காட்டுகிறது. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு ஜெயிக்கிற அளவுக்கு இரண்டாம் படிவத்தில் யாரும் இல்லை.

கைப்பேசியில் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பழைய போனில் ஆழம், அதாவது எஞ்சின் எவ்வளவு தூரம் முன்னே பார்க்கிறது என்கிற கணக்கு, 20-ஐத் தொடுவதற்குள் சூடேறிவிடுகிறது. அதில் சமம் என்று குறித்துக்கொண்ட இரண்டு நிலைகளை வீட்டில் லேப்டாப்பில் பத்து நிமிடம் ஓடவிட்டதும் எண் மாறியது. அதற்குப் பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் ஆழத்தையும் எழுதுகிறேன், அளவுமானியில் ரேஞ்ச் குறிப்பது போல.

நான்காம் சனி: வெட்டு

ஸ்டடி காடாகிவிட்டது. எங்கள் விதியையும் மீறி, எஞ்சின் காட்டியதால் முளைத்த கிளைகள் நிறைய. பையனுக்கு அதில் பாதிகூடத் தலையில் நிற்காது. அரிவாள் எடுக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாவது நகர்வில் குதிரை டி4 ஆடுவது ஃப்ரிட்ஸ், சிப்பாய் பி5 ஆடுவது உல்வெஸ்டாட். இரண்டையும் தனித்தனி அத்தியாயமாக வைத்திருந்தேன். ஒன்றில் குதிரை டி4-க்கு வெள்ளை சி3, கறுப்பு பி5, பிஷப் எஃப்1, குதிரை டி5-இல் எடுக்கிறது. மற்றதில் பி5 முதலில், பிஷப் எஃப்1, அப்புறம் குதிரை டி4, சி3, குதிரை எடுப்பு. கடைசியில் அதே பலகை. ஆயர் ஈத்தாமுக்கு ஜெலுத்தோங் வழியாகப் போனாலும் டத்தோ கிராமாட் வழியாகப் போனாலும் ஒரே கோயில் வாசல்தானே. இரண்டையும் ஒன்றாக்கி, அப்புறம் மொத்தமாகவே தூக்கிவிட்டேன். ஒரு வியாதிக்கு ஒரு மருந்து போதும்.

டிராக்ஸ்லரைத் தூக்கும்போதுதான் இருவருக்கும் மனம் வரவில்லை. நாலாவது நகர்வில் எஃப்7-ஐக் காப்பாற்றாமல் பிஷப்பை சி5-இல் வைப்பது. குதிரை எஃப்7-இல் எடுத்தால் இவன் பிஷப் எஃப்2-வில் செக் என்று பாயும். செக் நாட்டுப் பாதிரியார் டிராக்ஸ்லர் 1890-இல் ஆடிய விஷயம், யூடியூபில் இதற்கு என்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் வெள்ளை குதிரைக்குப் பதிலாக பிஷப்பால் எஃப்7-ஐ எடுத்துச் செக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் கறுப்பு ராஜா காஸ்லிங் இல்லாமல் நிற்கும், வாணவேடிக்கையும் நின்றுவிடும். "வீட்ல ஆடிக்கோ, போட்டியில வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னேன். அவன் கேட்பான் என்று நம்பவில்லை.

ஒன்பதாவது நகர்வில் வெள்ளை எஃப்3-க்குப் போகாமல் குதிரையை எச்3 ஓரத்தில் வைக்கிற வழியும் இருக்கிறது. முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸின் பழைய யோசனை, 1963-இல் ஃபிஷர் இன்னோர் அமெரிக்கரான பிஸ்கையருக்கு எதிராகத் தூசி தட்டி எடுத்தார். அதற்கு ஒரு வரி போதும் என்று ஒரு வரியோடு விட்டோம்.

நடுவில் ஒரு செவ்வாய்: அங்கிள்

ஜார்ஜ்டவுனில் நான் போகிற மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) அஞ்சடி நடைபாதையில் ஓர் அங்கிள் தே தாரிக்கோடு பலகை விரித்து உட்கார்ந்திருப்பார். 1990-இல் கார்ப்போவும் டிம்மனும் கோலாலம்பூரில், உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவுசெய்கிற கேண்டிடேட்ஸ் இறுதி ஆடியபோது லீவு போட்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவர். கார்ப்போவ் ஆறரைக்கு இரண்டரை என்று ஜெயித்ததை, தான் ஜெயித்த மாதிரி இன்றைக்கும் சொல்வார். வெள்ளைக் காய் கிடைத்தால் குதிரை ஜி5-ஐத் தவிர வேறு எதுவும் ஆடமாட்டார். பரிசோதனைக்கு இவரைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பார்?

ஏழு நகர்வு வரை எங்கள் ஸ்டடி அப்படியே நடந்தது. எட்டாவதில் அங்கிள் பிஷப்பை இ2-க்கு எடுக்கவில்லை, டி3-இல் வைத்தார். தன் டி சிப்பாயைத் தானே அடைத்துக்கொள்கிற அசிங்கமான நகர்வு. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வழக்கம்போல எச்6 தள்ளினேன். குதிரை இ4-க்கு வந்து, பின்னால் பிஷப் தாங்க, சுகமாக உட்கார்ந்துகொண்டது. விரட்ட வழியில்லை. நாற்பதாவது நகர்வில் அந்தக் கூடுதல் சிப்பாயாலேயே தோற்றேன்.

"என்ன தம்பி, புத்தகத்துல இல்லையா?" என்றார் அங்கிள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மாஸ்டர்களே இப்போது பிஷப் டி3-ஐ நிறைய ஆடுகிறார்கள். பதில், எச்6-க்கு முன்னால் குதிரை டி5. எஃப்6 காலியானதும் டி8 ராணியின் பார்வை ஜி5 குதிரை மேல் விழுகிறது, இ4-க்கு வந்தால் எஃப்5 சிப்பாய் விரட்டும். அதனால் வெள்ளை எஃப்3-க்குத் திரும்ப வேண்டியதுதான். கறுப்பு மறுபடி பிஷப் டி6. பிறகு குதிரை எஃப்4-க்குத் தாவினால் டி3 பிஷப்பும் ஜி2-வும் சேர்ந்து அடிபடும்.

எக்ஸ்ப்ளோரரை இத்தனை நாள் பார்த்தும் இது எப்படித் தப்பியது? அவன் ரேட்டிங்குக்கு வடிகட்டி வைத்திருந்தேன், அந்த மட்டத்தில் யாரும் அதிகம் ஆடாத நகர்வு, பட்டியலில் கீழே கிடந்தது. இப்போது ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை பார்க்கிறேன்: அவன் மட்டத்தில் ஒன்று, மாஸ்டர்களில் ஒன்று.

ஐந்தாம் சனி

ஸ்டடியில் இப்போது எட்டே கிளைகள். ஒவ்வொன்றுக்கும் அவன் வார்த்தையில் காரணம். "எடுக்காதே, விரட்டு." "பி4 வருமான்னு பாரு." "டி3-ன்னா குதிரை முதல்ல, எச்6 அப்புறம்." பென்சிலால் அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டான். பத்து முறை ஆடிப் பார்த்தோம். எட்டு முறை தடுமாறாமல் பதினைந்தாவது நகர்வைத் தாண்டினான்.

மறுவாரம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. எனக்குப் பகல் ஷிப்ட், போக முடியவில்லை. மதிய ஓய்வில் கைப்பேசி அடித்தது.

"மாமா, கறுப்பு கிடைச்சுது. பிஷப் சி4 வந்தான், நான் குதிரை எஃப்6."

"சரி?"

"குதிரை ஜி5 ஆடல மாமா. டி3 ஆடிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் தெரியல. பிஷப் சி5 போட்டேன், காஸ்லிங் பண்ணேன். டிரா."

ஸ்டடியில் ஒன்பதாவது கிளைக்கு ஓர் அத்தியாயம் திறந்திருக்கிறேன். தலைப்பு "4. டி3". உள்ளே இன்னும் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ஃபெர்ரிக்குக் கிளம்ப வேண்டும்.